கான்டெஸா கார் வாங்கிவிட்டேன், 1500 எஞ்சினோடு தொடங்கலாமா?

ஐஸ்பெட்டி, உச்சிப்புளி:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் பார்ப்பது என் வேலை. கார் மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வேன், அவ்வளவுதான்.

போன மாதம் கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) வீட்டுக்கு ஃபிரீசர் பார்க்கப் போனேன். பின்கட்டில் தார்ப்பாய்க்குள் ஒரு கான்டெஸா. 1986 மாடல், 1500 சி.சி. பெட்ரோல், நாலு கியர். அவருடைய வாப்பா மவுத்தான பிறகு யாரும் தொடவில்லையாம், பதினொரு வருடம் ஆகிறது. "எடுத்துக்கங்க தம்பி, எலிதான் குடும்பம் நடத்துது" என்றார். தொண்ணூறாயிரத்துக்கு முடித்தேன். வீட்டில் அறுபது என்று சொல்லியிருக்கிறேன்.

சின்ன வயதில் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கருப்புக் கான்டெஸா நிற்கும். அந்த நீள மூக்கும் சதுர விளக்கும் பார்த்து, அமெரிக்கக் கார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இதையும் கருப்பாக்கி, அகல டயர் போட்டு, உறுமுகிற மாதிரி செய்ய வேண்டும். கையில் இரண்டரை லட்சம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள்.

இப்போதைய நிலவரம்: பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி நாலு நாள் விட்டேன், கிராங்க் கையால் சுற்றுகிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், மூன்று சிலிண்டரில் 110 பி.எஸ்.ஐ.யை ஒட்டி, நாலாவதில் 70. ஆனால் டிரைவர் காலடியில் மிதியடியைத் தூக்கினால் கீழே மணல் தெரிகிறது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியும் சல்லடை.

மண்டபத்தில் படகுக்கு ஃபைபர் அடிக்கிற நண்பர், "இரண்டு ஃபைபர் மேட் போட்டு ரெசின் அடித்தால் கடல் தண்ணியே உள்ளே வராது" என்கிறார். இன்னொருவர், 1500 எல்லாம் அம்பாசடருக்குத்தான், தூக்கிப் போட்டுவிட்டு லாரி டீசல் வை என்கிறார். எங்கே தொடங்குவது?

மதுரைக்காரன்:

ப்ரோ, ஐம்பது குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க மசில் கார் மாதிரி உறுமவா? இசுசு 1800 எஞ்சின் தேடுங்கள், எண்பத்தைந்து குதிரைக்கு மேல் கிடைக்கும், அஞ்சு கியர். எஞ்சின்தான் உயிர். மற்றதெல்லாம் பெயின்ட்.

தொண்டி லேத்:

மதுரைத் தம்பி சொன்னதைத்தான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன். தொண்டியில் லேத் வைத்திருக்கிறேன். இதே வண்டி, இதே 1500. முதல் வேலையாகப் போய் ஒரு பழைய 1800-ஐ வாங்கி வந்து பலகை மேல் ஏற்றித் துடைத்துத் துடைத்து அழகு பார்த்தேன். அதற்கு எஞ்சின் மவுன்ட் வேறு, கியர் பாக்ஸ் வேறு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை அளவு மாற்ற வேண்டும். எல்லாம் என் லேத்திலேயே செய்தேன், பெருமைக்குக் குறைச்சலில்லை. இரண்டு வருடம் கழித்து வண்டியைத் தூக்க ஜாக் வைத்தேன். ஜாக் மேலே போகிறது, வண்டி அப்படியே நிற்கிறது. கதவுக்கு அடியில் ஓடுகிற ரன்னிங் போர்டு உள்ளுக்குள் அப்பளம். எஞ்சினைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுத் தகடு வாங்கினேன்.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது தம்பி, பாடியேதான் சேசிஸ். வாக்ஸ்ஹால் விக்டர் என்ற இங்கிலாந்துக் காரின் உடம்பு இது. தரையும் ரன்னிங் போர்டும் சேர்ந்துதான் முதுகெலும்பு. அதில் ஃபைபர் ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் தாங்காது. துருவுக்கும் ஃபைபருக்கும் நடுவே ஈரம் உட்கார்ந்துகொண்டு மிச்சத் தகட்டையும் தின்றுவிடும். படகு வேறு, அது முழுவதும் ஃபைபர். உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை, அவர் சாமானுக்கு அவர் சொன்னது சரி.

ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடமெல்லாம் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள், 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில், கதவின் கீழ் மடிப்பில், பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் கட்டாயம் பாருங்கள். எனக்கு மொத்தம் நாற்பத்தொரு வட்டம் வந்தது. மகள்தான் எண்ணினாள்.

எஞ்சின் விஷயம். 70 காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வைத் தேய்த்துச் சரியாக உட்காரவைக்கிற லேப்பிங் போட்டால் முடிந்தது. உங்கள் 1500-ஐ, சரியாகச் சொன்னால் 1489 சி.சி.யை, லேசாக நினைக்காதீர்கள். பி சீரிஸ் என்ற இதே இங்கிலாந்து எஞ்சினில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர் வைத்து, 1955-இல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். எழுபதை ஒட்டிக் குதிரைத்திறன் எடுத்தது. அந்தக் கார் கனம் குறைவு, உங்களுடையது யானை, அது வேறு கதை. போர், அதாவது சிலிண்டர் அகலம், 73 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9. மெதுவாகச் சுற்றும்போது நன்றாக இழுக்கும். விரட்டினால் மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கிற கிராங்க் முனகும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1965 மஸ்டாங்கைச் சாதாரண மாடலில் வாங்கியவனுக்கு வந்தது ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். 325 குதிரையோடு வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. ஆறு சிலிண்டரை வாங்கி ஓட்டி, பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழகி, காசு சேர்ந்த பிறகு பெரியதை வைத்தவர்கள் அங்கே நிறைய.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இந்தக் கரையில் எந்த லேத்துக்கும் வெல்டருக்கும் போகாதீர்கள். விசைப்படகெல்லாம் பழுது பார்க்கக் கரையேறி நிற்கும், உங்கள் காரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானே பார்க்க மாட்டேன்.

பேப்பர்காரர், பரமக்குடி:

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆர்.சி.யை எடுங்கள். வாப்பா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31, அப்புறம்தான் உங்கள் பெயர். பதிவு காலாவதி ஆகியிருந்தால் புதுப்பிக்கப் படிவம் 25. பதினைந்து வருடம் தாண்டிய காரை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேசிஸ் நம்பர் துருவில் அழிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள், டிங்கர் கிரைண்டர் போட்ட பிறகு அழுது பயனில்லை.

லாரி டீசல் யோசனை சொன்னவரிடம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 1500-ஐ வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

பனைக்குளம் மச்சான்:

நம்ம ஊர் போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள் மச்சான். உப்புக் கட்டி அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும்தான். வண்டியைக் கழுவவும் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் பிடித்து வையுங்கள். பழைய பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாற்றுங்கள், இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்கு அந்தக் கால ரப்பர் ஊதிப்போகும். கச்சான் காற்று அடிக்கிற பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள். மணலில் ஜாக் வைத்தால் கீழே பனஞ்சட்டம்.

மதுரைக்காரன்:

லேத் அண்ணே, நாற்பத்தொன்றா? சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸ்பெட்டி, உச்சிப்புளி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆயில் விட்டு அளந்தேன், 70 அப்படியேதான் நிற்கிறது. வால்வு. எஞ்சினைத் தூக்கிப் போடவில்லை, ஹெட்டை மட்டும் இறக்குகிறேன். வட்டம் இதுவரை இருபத்தெட்டு, டிக்கி இன்னும் பாக்கி. சேசிஸ் நம்பர் தெளிவாக இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்தேன். பிரேக் பைப் நாலும் துரு, முழுசாக மாற்றிவிடுகிறேன். அகல டயர் அடுத்த வருடம்.

லேத் அண்ணே, ஒரு சந்தேகம். தரைக்கு 20 கேஜ் தகடு போதுமா? கடைக்காரர் அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். படகுப் பட்டறையில் ஆர்க் வெல்டிங் சும்மா செய்து தருகிறேன் என்கிறார்கள்.

தொண்டி லேத்:

18 வாங்குங்கள், கேஜ் எண் குறைந்தால் தகடு தடிப்பு. ஆர்க் வேண்டாம், ராடு வைத்ததும் ஓட்டை விழும். சி.ஓ.டூ வெல்டிங் உள்ள டிங்கராகப் பாருங்கள், சும்மா கிடைக்காது. ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கதவு மூடாது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.