ப்ளூ கார்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் போகிறேன், மனைவி 3 மாதம் கழித்து வருவார்: எதை முதலில் முடிக்கவேண்டும்?

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். மென்பொருள் வேலை, ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான அனுமதி) விசா கைக்கு வந்துவிட்டது. சம்பளம் வருடத்துக்கு 80,000 யூரோ. முதல் 6 வாரத்துக்குக் கம்பெனியே சர்வீஸ் அபார்ட்மெண்ட் தருகிறது, அதற்குப் பிறகு வீடு நாமே பார்த்துக்கொள்ளவேண்டும். மனைவி அங்கே வந்து வேலை தேடுவார், ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை என்று எண்ணம்.

என் சந்தேகங்கள்: முகவரிப் பதிவைச் சொந்த வீடு கிடைத்த பிறகு செய்தால் போதுமா? தனியார் மருத்துவக் காப்பீடு மாதத்துக்குக் குறைவாக வருகிறது என்கிறார்கள், எடுக்கலாமா? வரி வகுப்பு (மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்ற பிரிவு) 3 போட்டால் நிறைய மிச்சம் என்பது உண்மையா? நிரந்தரக் குடியிருப்பு எத்தனை மாதத்தில்? இந்திய லைசென்ஸில் கார் ஓட்டலாமா?

நெக்கர்க்கரை

பதிவைத் தள்ளிப்போடவே கூடாது. சட்டப்படி குடிபுகுந்த 2 வாரத்துக்குள் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்யவேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் வேண்டும்: இன்னார் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார் என்று. பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் அதற்குப் பதிலாக ஏற்கமாட்டார்கள். சில சர்வீஸ் அபார்ட்மெண்ட்டுகள் இந்தத் தாளைத் தருவதே இல்லை. அதனால் விமானம் ஏறும் முன்பே கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, "தருவோம்" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்றால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், எச்ஆருக்கு இது பழகிய விஷயம்தான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பதிவு செய்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும், அதற்குச் சில வாரம் ஆகும். எண் இல்லாவிட்டால் சம்பளம் வரி வகுப்பு 6-ல் போகும், கையில் வருவது பாதிக்கு அருகில் இறங்கிவிடும். பின்னால் சரிசெய்து தருவார்கள் என்றாலும் டெபாசிட் கட்டும் மாதத்தில் அது கழுத்தைப் பிடிக்கும். தாமதம் உங்கள் தவறால் இல்லை என்றால், அதிகபட்சம் 3 மாதத்துக்கு உங்களுக்குப் பொருந்தும் வகுப்பிலேயே பிடிக்கக் கம்பெனிக்கு அனுமதி உண்டு. சம்பளப் பிரிவில் பலருக்கு இது நினைவிருக்காது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும் நகர அலுவலகமான பியூர்கர்ஆம்ட்டில் 2 வாரத்துக்குள் நேரம் கிடைக்கவில்லையா? கிடைக்கிற முதல் தேதியைப் பிடித்து, அந்த உறுதி மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். மற்றவர்கள் ரத்துசெய்த இடங்கள் தளத்தில் திரும்ப வரும், காலையில் திறந்து பார்த்தால் முன்தேதி அகப்படலாம்.

கவுண்டரில் மூன்று விஷயம் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அவர்கள் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் அடித்தார்கள் என்று அங்கேயே அச்சில் பாருங்கள். வரி அலுவலகத்துக்குப் போவது அந்தப் பதிவுதான், பிறகு மாற்ற அலைச்சல். அடுத்தது மதம். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள்: பேடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் வருமான வரியில் 8%, மற்ற மாநிலங்களில் 9%. கொடுக்க விருப்பமானவர்கள் தெரிந்தே கொடுக்கட்டும், தெரியாமல் கட்டத்தை நிரப்பிவிட்டால் விலகுவதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. மூன்றாவது, தபால்பெட்டியில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். இல்லையென்றால் கதவு எண் சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப்போய்விடும். வங்கி பின், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் கடிதத்தில்தான் வருகிறது. ஒரு துண்டுத் தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினாலும் போதும்.

6 வாரம் கழித்து வீடு மாறும்போது இதே பதிவைப் புது முகவரிக்கு மறுபடி செய்யவேண்டும். பழைய முகவரிக்கு வரும் தபாலைத் திருப்ப டாய்ச்ச போஸ்ட்டில் கட்டணச் சேவை உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப்போடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் கட்டவேண்டும். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று.

கணக்குப்பிள்ளை

காப்பீடு: உங்கள் திட்டத்துக்கு அரசுமுறைக் காப்பீடுதான் சரி, யோசிக்கவே வேண்டாம். தனியாருக்குப் போகச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டவேண்டும் (2025-ல் 73,800 யூரோ, வருடாவருடம் மாறும்), நீங்கள் தாண்டுகிறீர்கள். ஏஜெண்ட் காட்டும் தொகையும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு ஆளுக்கான தொகை. தனியாரில் மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று தலைக்குத் தலை பிரீமியம். அரசுமுறையில் வருமானம் இல்லாத மனைவியும் குழந்தையும் உங்கள் காப்பீட்டிலேயே கூடுதல் பணமில்லாமல் சேர்ந்துவிடுவார்கள். பங்களிப்பு 14.6%, அதற்குமேல் ஒவ்வொரு நிறுவனமும் வைக்கும் கூடுதல் விகிதம், இரண்டிலும் பாதி கம்பெனி கட்டும். ஓர் உச்சவரம்பும் உண்டு, அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்குப் பிடிக்கமாட்டார்கள்.

தனியாரில் போய்விட்டுச் சம்பளம் வரம்புக்கு மேலேயே இருந்தால் திரும்பி வர வழி மிகவும் குறுகல், 55 வயதைத் தாண்டினால் அநேகமாக வழியே இல்லை. தனியாகவே இருக்கப்போகிற, சீக்கிரம் நாடு திரும்புகிற ஆளுக்கு வேண்டுமானால் அது கணக்கில் வரும்.

வரி வகுப்பு: மனைவி அங்கே வந்து பதிவு செய்யும்வரை உங்களுக்கு வகுப்பு 1. திருமணச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதற்காக 3 தரமாட்டார்கள், மனைவியும் அங்கே வசிக்கவேண்டும். அவர் வந்து பதிந்ததும் இருவருக்கும் 4 ஆகும். ஒருவருக்கு 3-ம் (பிடித்தம் குறைவு) மற்றவருக்கு 5-ம் (பிடித்தம் அதிகம்) வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

3 போட்டால் மிச்சம் என்பது பாதி உண்மை. மாதச் சம்பளத்தில் பிடிப்பதுதான் குறைகிறது. வருடக் கடைசியில் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும்போது மொத்த வரி எந்த வகுப்பிலும் ஒன்றேதான். 3/5-ல் தாக்கல் செய்வது கட்டாயம் வேறு, குறைவாகப் பிடித்திருந்தால் மீதியைக் கட்டச் சொல்லி ஓலை வரும். மனைவிக்கு வருமானமே இல்லாத வருடத்தில் 3/5 வசதி, மறுக்கவில்லை.

ஆனால் குழந்தை எண்ணம் இருப்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் உதவித்தொகையான எல்டர்கெல்டைக் கணக்கிடுவது நிகர வருமானத்தை வைத்து: ஏறத்தாழ 65%, மாதம் குறைந்தது 300, அதிகபட்சம் 1,800 யூரோ. மனைவி வகுப்பு 5-ல் வேலை பார்த்தால் நிகரம் சுருங்கி இருக்கும், உதவித்தொகையும் சேர்ந்து சுருங்கும். கணக்கில் எடுக்கும் 12 மாதத்தில் எந்த வகுப்பு அதிக மாதங்கள் இருந்ததோ அதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மகப்பேறு விடுப்பு தொடங்க 7 மாதம் முன்பாவது அவர் 3-க்கு மாறியிருக்கவேண்டும். கர்ப்பம் தெரிந்த அன்றே விண்ணப்பம் போட்டால்தான் காலம் எட்டும். அந்த மாதங்களில் உங்கள் கைச்சம்பளம் இறங்கும், வருடத் தாக்கலில் அது திரும்பிவிடும்.

குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்புங்கள். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பராமரிப்புக் காப்பீட்டில் 0.6% கூடுதலாகப் பிடிக்கிறார்கள், அது நின்றுவிடும். குழந்தை உதவித்தொகையான கிண்டர்கெல்டுக்குத் தாமதமாக விண்ணப்பித்தால் பின்னோக்கி 6 மாதத்துக்குத்தான் பணம் தருவார்கள்.

தாழ்வாரம்

மிக்க நன்றி அண்ணா. எச்ஆரிடம் அந்தத் தாளைப் பற்றி இன்றே கேட்டுவிட்டேன். வீடு பார்க்கும்போது விளம்பரத்தில் இரண்டு வாடகை போடுகிறார்களே, எதை நம்புவது?

நெக்கர்க்கரை

கால்ட்மீட்டே வெறும் வாடகை, வார்ம்மீட்டே அதோடு சூடாக்கம், தண்ணீர், குப்பை முதலிய முன்பணம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அது முன்பணம்தான் என்பதை மறக்கவேண்டாம். வருடக் கணக்கு அடுத்த ஆண்டில் வரும், அதிகம் செலவழித்திருந்தால் மீதி கட்டவேண்டும். வேண்டுமென்றே குறைந்த முன்பணம் போட்டு வாடகையைக் கவர்ச்சியாகக் காட்டும் வீடுகள் உண்டு, போன வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

டெபாசிட் 3 மாதக் கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கக்கூடாது, அதையும் 3 சம தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்றால் பதிலே போடாதீர்கள். பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு குழாயும்தான், அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நீங்கள் வாங்கவேண்டும். "ஐன்பாவ்க்யூஷே" என்று விளம்பரத்தில் இருந்தால் சமையலறை உண்டு என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் ஜன்னலைச் சாய்த்துத் திறந்தபடியே நாள் முழுதும் விடாதீர்கள். ஓரச்சுவர் சில்லிட்டு, ஈரம் அங்கே படிந்து, ஜன்னல் சட்டத்தின் மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை தொடங்கும். ரேடியேட்டரைக் குறைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. சமைத்து முடித்ததும் ஒரு தடவை. வீட்டைக் காலிசெய்யும்போது டெபாசிட்டில் கை வைக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. குடிபுகும் நாளில் மீட்டர் எண்கள், ஜன்னல் மூலைகள், தரைக் கீறல் எல்லாவற்றையும் படமெடுத்து ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கவும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோஹே என்று ஒன்று உண்டு: மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வாரமுறை. உங்கள் முறை வந்தால் கதவில் பலகை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் இயந்திரத்தை எடுக்கவே வேண்டாம்.

ரூர்ப்பக்கம்

தம்பி, வதிவிட விசயத்தை நான் சொல்லுறன். ப்ளூ கார்ட்டோட ஓய்வூதியப் பங்களிப்பு 27 மாதம் கட்டி, டொச் (ஜேர்மன் மொழி) ஏ1, அதாவது ஆரம்ப நிலை, இருந்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதம். ஆறு மாத வித்தியாசம் சின்னன் எண்டு நினைக்காதேங்கோ. அந்த இடைவெளியில வேலை போனால் நிலைமையே வேற. அலுவலகத்தில எல்லாரும் ஆங்கிலம்தான் கதைப்பினம், டொச் தன்பாட்டில வராது. வந்த முதல் மாதத்திலயே மாலை வகுப்பில சேருங்கோ.

முதல் 12 மாதத்துக்குள்ள வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேணும். வேலை போனாலும் அறிவிக்க வேணும், மறைச்சால் பிறகு நீட்டிப்பில மாட்டும்.

கார்ட் முடியிற நேரத்தில புதுசு வராட்டி ஒரு தற்காலிகச் சான்று குடுப்பினம், ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். அதில எந்தக் கட்டத்தில அடையாளம் போட்டிருக்கு எண்டு வடிவாய்ப் பாருங்கோ. வதிவிடச் சட்டப் பிரிவு 81-ல உபபிரிவு 4 எண்டால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். உபபிரிவு 3 எண்டால் நாட்டுக்குள்ள இருக்கலாம், வெளிய போனால் அதை வைச்சுத் திரும்பி வரேலாது. கலியாண வீட்டுக்கு டிக்கெட் போட்டிட்டுத்தான் பலர் இதை வாசிக்கினம். காலாவதியாக முதலே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேணும், அதுதான் 4-க்கு அடிப்படை. கடவுச்சீட்டு முடியிற திகதியைத் தாண்டி கார்ட் தரமாட்டினம், அதால பாஸ்போர்ட்டை முதல் புதுப்பியுங்கோ.

குடியுரிமைக்கு 5 வருசம். 2024 ஜூன் 27-ல இருந்து ஜேர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்லிக் கேக்கிறதில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) எடுக்க வேணும். இலங்கை ஆக்கள் தங்கட பக்கம் விண்ணப்பிச்சு இரண்டையும் வைச்சிருக்கலாம்.

ப்ளூ கார்ட்காரற்ற மனைவிக்கு விசாவுக்கு டொச் சோதனை தேவையில்லை, வந்த உடனே வேலையும் செய்யலாம். ஆனாலும் ஏ2 வரைக்கும் ஊரிலயே படிச்சு வரட்டும். வேலை தேடுறது அவதான்.

நான்காம்கியர்

லைசென்ஸ் மட்டும் மிச்சம். இந்திய லைசென்ஸ், அங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம் செல்லும், மொழிபெயர்ப்போடு. அதன்பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், காப்பீடும் சிக்கல். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் மாற்றவேண்டும். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, புகைப்படம், மொழிபெயர்ப்பு இவற்றோடு விண்ணப்பம். புதிதாகக் கற்பவருக்கு உள்ள கட்டாய வகுப்புக் கணக்கு உங்களுக்கு இல்லை, ஆனால் ஓட்டுத் தேர்வுக்கு ஒரு பயிற்சிப் பள்ளியின் காரும் ஆசிரியரும் வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் எழுதலாம். அலுவலகத்தில் ஒப்புதல் வரவே வாரக்கணக்கில் ஆகும், ஆகையால் இரண்டாம் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பல வருடம் ஓட்டியவர்கள் தோற்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடாதது. 30 கிமீ வேகத் தெருக்களில் இது அடிக்கடி வரும், வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் தலையைத் திருப்பியது தேர்வாளர் கண்ணுக்குத் தெரியவேண்டும். இன்னொன்று தோள்மேல் திரும்பிப் பார்க்காமல் தடம் மாறுவது, வலப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் வருகிறதா என்று பார்க்காதது. கண்ணாடியில் பார்த்தேன் என்றால் எடுபடாது.