கமரா விடாமல் உணவுக்குழாய் நாள வீக்கத்தைக் கண்டுபிடிக்க ஏலாதா?

முள்ளியவளை மகள்:
அப்பாவுக்கு 61 வயது. ஈரல் சுருங்கி சிரோசிஸ் ஆகிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். குடியை விட்டுவிட்டார், வயிற்றில் நீர் இல்லை, கண் மஞ்சளும் இல்லை, தோட்டத்துக்கும் போய் வருகிறார். இப்போது வாயால் கமரா விட்டு உணவுக்குழாயில் நாளங்கள் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். அப்பா ஒரே பிடியாக மாட்டேன் என்கிறார், "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, பிறகு ஏன் குழாய்?" என்ற கதைதான். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 94,000, ஸ்கானில் மண்ணீரல் 14.5 சென்ரிமீற்றர். இவற்றை வைத்தே சொல்ல ஏலாதா?

வவுனியாத் தாதி:
தங்கச்சி, ஓரளவுக்கு ஏலும். ஆனால் அந்தச் சோதனைகள் நல்லது "இவருக்கு இப்போதைக்குக் கமரா வேண்டாம்" என்று சொல்லத்தான். நாளம் வீங்கித்தான் இருக்கிறது, இவ்வளவு பெரிது, வெடிக்கிற நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

ஈரல் இறுகினால் குடலிலிருந்து வரும் இரத்தம் அதற்குள் போக வழியில்லாமல், வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரம்பை மேவிப் பாய்கிற மாதிரி, உணவுக்குழாய் நாளங்கள் பக்கம் திரும்பிவிடும். அதே அழுத்தத்தில் மண்ணீரலும் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் டொக்டர்மார் இந்த இரண்டையும் பார்க்கிறார்கள்.

2015 இல் வந்த பவேனோ வழிகாட்டலின்படி (இந்த அழுத்த நோய்க்கு உலக நிபுணர்கள் கூடி எழுதுவது), பைப்ரோஸ்கானில், அதாவது ஈரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஸ்கானில், அந்த இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழேயும் பிளேட்லெட் 150,000க்கு மேலேயும் இருந்தால் கமராவைத் தள்ளிப்போடலாம். அப்படிப்பட்டவர்களில் ஆபத்தான வீக்கம் தவறிப்போவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அப்பாவுக்கு 94,000 என்றால், பைப்ரோஸ்கான் எவ்வளவு நன்றாக வந்தாலும் அந்த விதிக்குள் அவர் வரமாட்டார்.

ஆய்வுகூடத்து ஆள்:
மிஸி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிளேட்லெட் எண்ணிக்கையை மண்ணீரலின் நீளத்தால், அதாவது மில்லிமீற்றரில், வகுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 94,000ஐ 145 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 648. இதற்கு 2003 இல் வந்த இத்தாலிய ஆய்வு வைத்த எல்லை 909. அதற்குக் கீழே என்றால் வீக்கம் இருக்கச் சந்தர்ப்பம் கூட, ஆனால் கட்டாயம் இருக்கும் என்று அர்த்தமில்லை.

அந்த 94,000 எப்போது எடுத்தது? மழைக்காலத்தில் வன்னியில் டெங்கு பரவுகிற நேரம் காய்ச்சலோடு எடுத்திருந்தால் அது ஈரலின் கணக்கு அல்ல. சில பேரின் இரத்தத்தில் சோதனைக் குப்பிக்குள் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் குறைத்துக் காட்டும். கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் என்றால் திரும்ப ஒருக்கா எடுங்கோ.

மாங்குளம் தம்பி:
அக்கா, எங்கட பெரியப்பாவும் இதே கதைதான் சொன்னார். பிறகு ஒரு இரவு இரத்தமாகச் சத்தி எடுத்தார், பேசின் நிறைந்துவிட்டது. உயிர் தப்பினார், நாளத்துக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். கமராவுக்குப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு போகவேண்டும், தொண்டைக்கு மரக்கிற மருந்து அடிப்பார்கள், ஓங்காளிக்கும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கோ.

முள்ளியவளை மகள்:
நன்றி எல்லோருக்கும். காய்ச்சல் இல்லாத நேரத்தில்தான் எடுத்தது. கமரா இல்லாமல் குளிசை மட்டும் தருவதும் உண்டு என்று ஒருவர் சொன்னார், உண்மையா? அப்பா முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) பம்ப் பாவிக்கிறவர்.

வவுனியாத் தாதி:
உண்மைதான். கார்வெடிலோல், புரொப்ரனோலோல் போன்ற குளிசைகள் அந்த அழுத்தத்தைக் குறைக்கும். வயிற்றில் நீர், இரத்தக் கசிவு எதுவும் வராதவர்களுக்கு, அழுத்தம் கூட என்று வேறு சோதனைகளில் தெளிவாகி அந்தக் குளிசையைத் தொடங்கிவிட்டால், கமராவே வேண்டாம் என்று இப்போதைய வழிகாட்டல் சொல்கிறது. ஆனால் முட்டு இருக்கிறவர்களுக்கு அவை மூச்சை இறுக்கிவிடும், யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுத்துவிடாதேங்கோ. அதனால் உங்கட அப்பாவுக்குக் கமரா இன்னும் அவசியம்: பெரிய வீக்கம் என்றால் வளையம் போட்டுவிடலாம். கிளினிக்கில் பம்ப் விசயத்தை முதலிலேயே சொல்லுங்கோ, கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போட விடாதேங்கோ. தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ இரத்தச் சத்தி வந்தாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் 1990க்கு அடியுங்கோ. இரும்புச்சத்துக் குளிசை எடுத்தாலும் மலம் கறுக்கும், அப்படி ஏதும் எடுக்கிறாரென்றால் அதையும் சொல்லுங்கோ.