ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எதை, எப்போது, எந்த ஊரில் சாப்பிடுவது

"சாப்பாடு ஒன்றும் பிடிக்கவில்லை, எல்லாம் சப்பென்று இருக்கிறது." இங்கே புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேராவது முதல் மாதத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெரு, வாசலில் கலர் படம் போட்ட பலகை, இரவு ஏழு மணி, ஒரு தட்டு பாயேயா என்கிற அரிசிச் சாப்பாடு. ஏழு மணிக்கு இந்த ஊர்க்காரர் யாரும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார். இரவில் பாயேயாவும் சாப்பிட மாட்டார். அது மதியச் சாப்பாடு.

அதனால் முதலில் வயிற்றின் கடிகாரத்தை மாற்றுங்கள். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து மூன்றரை வரை. நாலு மணிக்குமேல் பெரும்பாலான கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். திரும்ப எட்டரை, ஒன்பதுக்குத்தான் பற்றவைப்பார்கள். வேலை நாட்களில் மதியம் 'மெனு தெல் தியா' என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 12 முதல் 16 யூரோ. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் வரிசையில் நிற்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள். மத்ரித்தில் பல கடைகளில் வியாழன் என்றால் அரிசி, புதன் என்றால் கோசீதோ. கோசீதோ என்பது கொண்டைக்கடலை, காய், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி எல்லாம் ஒரே பானையில் மெதுவாக வெந்தது. முதலில் அந்தச் சாற்றில் சேமியா போட்ட சூப், அப்புறம் கடலையும் காயும், கடைசியில் இறைச்சி. குளிர்காலத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அன்று மதியம் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாயேயாவை வலென்சியா போய்ச் சாப்பிடுங்கள். ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரி, அதைச் சுற்றி வயல்வெளி, நடுவில் எல் பல்மார் என்ற சின்ன ஊர். நெல் விளைகிற இடம் என்பதால் பார்த்ததுமே நமக்கு மனசு நிறைந்துவிடும். ஊர் முறைப்படி செய்யும் பாயேயாவில் இறால் இருக்காது. கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், கரோஃபோ என்கிற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை, அவ்வளவுதான். 2016இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் அதில் சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி போட்டதற்கு ஸ்பானியர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அகலமான, ஆழமில்லாத வாணலியில் அரிசியை மெல்லிய படலமாகப் பரப்பியபிறகு கரண்டி போட்டுக் கிண்டவே மாட்டார்கள். அதனால் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் பிடிக்கும், சொகராத் என்பார்கள். கரண்டியால் சுரண்டும்போது கரகரவென்று சத்தம் வரவேண்டும். மேலே உள்ளதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள். சண்டை போட்டு எடுக்கவேண்டிய பகுதி இதுதான். பெரும்பாலும் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அதே வலென்சியாவில் ஓர்ச்சாத்தா குடியுங்கள். பாலே இல்லை, கோரை இனத்துச் செடி ஒன்றின் சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தது.

இப்போது காரம். இங்கே காரத்தைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். மிளகாயை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது ஸ்பானியர்கள்தான், ஆனால் அதை உறைப்புக்காக அவர்கள் வளர்க்கவில்லை. பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு, பிமெந்தோன் என்கிற மிளகாய்த்தூள், இந்த நாலில்தான் சமையல் நிற்கிறது. காசெரெஸ் மாகாணத்து லா வேரா பகுதியில் ஓக் விறகுப் புகையில் மிளகாயை உலர்த்தி அரைக்கிறார்கள். சின்னத் தகர டப்பாவில் கிடைக்கும். 'பிகாந்தே', அதாவது உறைப்பு, என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பொரித்த முட்டைமேல் ஒரு சிட்டிகை தூவினாலே போதும். கலீசியாவின் பத்ரோன் மிளகாயை எண்ணெயில் வாட்டிக் கல் உப்பு தூவித் தருவார்கள். சில உறைக்கும், சில உறைக்காது என்று அவர்களே சொல்வார்கள். உறைப்பது உங்களுக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

மீன் பழகிய வீடு என்றால் தெற்கே போங்கள். மாலகா கடற்கரையில் பழைய படகில் மணலை நிரப்பி, அதில் விறகு மூட்டி, குச்சியில் வரிசையாகக் கோத்த மத்தியைத் தணலோரம் சாய்த்து நட்டுச் சுடுவார்கள். கல் உப்பைத் தவிர எதுவும் போடுவதில்லை. கோடையில் மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும்போதுதான் ருசி. கையால்தான் சாப்பிடவேண்டும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காதிஸ், செவியா பக்கம் கசோன் என் அதோபோ: சின்னச் சுறாவைத் துண்டு போட்டு, வினிகர், பூண்டு, சீரகம், ஓரெகானோவில் ஊறவைத்துப் பொரிப்பது. ஊரில் சுறா சாப்பிட்டவர்களுக்கு முதல் கடியிலேயே பிடித்துவிடும்.

சைவம் என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இருக்கிறதும்மா, ஆனால் கேள்வி கேட்கப் பழகவேண்டும். "நோ கோமோ கார்னே", அதாவது இறைச்சி சாப்பிடமாட்டேன் என்றால், கறித்துண்டு மட்டும்தான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, ஹமோன் தூவிய பீன்ஸ் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. "யேவா ஹமோன்? யேவா அதூன்?" என்று தட்டு தட்டாகக் கேளுங்கள்; அதாவது பன்றித் தொடைக்கறி போட்டிருக்கிறதா, சூரை மீன் போட்டிருக்கிறதா. சாதாரண சாலட்டிலேயே சூரை வரும். பருப்பு என்று நம்பி லெந்தேஹாஸ் கேட்டால் உள்ளே சோரிசோ கிடக்கும். பன்றி இறைச்சி தவிர்க்கும் முஸ்லிம் நண்பர்களும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்து மாந்தேகாதோ இனிப்பில்கூட வழக்கமாகப் பன்றிக் கொழுப்புதான், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

தைரியமாகக் கேட்கக்கூடியவை: செவியாவின் எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ், அதாவது பசலையும் கொண்டைக்கடலையும், நல்ல சீரக வாசனையோடு. கோர்தோபாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். அதே ஊர் சால்மோரேஹோ, தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கெட்டிச் சூப். மேலே ஹமோனும் முட்டையும் தூவுவார்கள், "சின் ஹமோன்" என்று சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட் எந்த ஊரிலும் கைகொடுக்கும். வெங்காயம் போடலாமா கூடாதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் வெங்காயக் கட்சி. இனிப்புக்கு அரோஸ் கோன் லேச்சே, இலவங்கப்பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்ட நம்ம பால் பாயசம் மாதிரி, ஆனால் ஜில்லென்று. முந்திரி மட்டும் தேடாதீர்கள்.

கிரனாதாவில் ஒரு பானம் வாங்கினால் சின்னத் தட்டில் சாப்பாடு இலவசமாக வரும். மது தொடாதவர்கள் மோஸ்தோ, அதாவது திராட்சைச் சாறு கேளுங்கள், பெரும்பாலும் அதற்கும் தட்டு வரும். அப்புறம், சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பில் தானாக வராது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம், கேட்காமல் நீட்டுவது விரட்டுகிற மாதிரி ஆகிவிடுமாம். "லா குவென்தா, போர் ஃபவோர்" என்றால் கொண்டுவருவார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. சில்லறையை வைத்துவிட்டு வந்தால் போதும்.