1999 மாடல் டென்ட் டிரெய்லர், 3,200 டாலர் சொல்றார், வாங்கலாமா?

மில்டன்வாசி

வணக்கம் மக்களே. சின்னப் பசங்க ரெண்டு பேர். வருஷாவருஷம் டென்ட் போட்டுத்தான் கேம்பிங் போறோம், இந்த வருஷம் வீட்டம்மா இனிமே தரையில படுக்க என்னால ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. பெரிய டிரெய்லர் வாங்க காசும் இல்ல, நிறுத்த இடமும் இல்ல, டவுன்ஹவுஸ். அதனால மடிக்கிற டென்ட் டிரெய்லர் (ரூஃபை மேல ஏத்தினா சுத்தி கேன்வாஸ் துணிச்சுவர், மடிச்சா பெட்டி மாதிரி ஆயிடும்) பழசா தேடிட்டு இருக்கேன். ஒன்டாரியோவுல பேரி பக்கம் ஒருத்தர்கிட்ட 10 அடி பெட்டி ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் பெட் வெளிய இழுத்துக்கலாம், ஃபர்னஸ் ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கு. எல்லாம் வேலை செய்யுதுங்கிறார் ஆனா மடிச்சு டார்ப் போட்டு மூடி வெச்சிருக்கார், திறந்து காட்டுங்கன்னா நேரமாகும், போட்டோ இருக்குல்ல, நாளைக்கே இன்னொருத்தர் காசோட வர்றார்ங்கிறார். இழுக்கப் போறது 2016 டொயோட்டா சியன்னா வேன். மடிச்சா கராஜுக்குள்ள போயிடும்னு நினைக்கிறேன். என்னென்ன பாக்கணும்? எனக்கு டிரெய்லர் பத்தி சுத்தமா ஒண்ணும் தெரியாது.

ஸ்பேனர்சாமி

திறந்து காட்டாதவர்கிட்ட அஞ்சு பைசா குடுக்காதீங்க. நாளைக்கு வர்றவர் வாங்கிட்டுப் போகட்டும், அது அவர் தலையெழுத்து.

ஃபர்னஸ் ஓடலையா, ஃப்ரிட்ஜ் குளிரலையா, அதெல்லாம் பெரிய விஷயமே இல்ல, ஒரு கூலர்ல ஐஸ் போட்டு ஓட்டிடலாம். தண்ணி உள்ள போயிருந்தாத்தான் கதை முடிஞ்சுது. நிறைய மாடல்ல ரூஃப்னா மேல அலுமினியத் தகடு, உள்ள மரச்சட்டம். ஓரத்துல பூசின சீலன்ட் காய்ஞ்சு வெடிச்சா தண்ணி இறங்கி மரம் இத்துப் போயிடும், வெளிய பாத்தா பளபளன்னுதான் இருக்கும். ரூஃபை ஏத்தினதும் உள்ள நின்னு நாலு மூலையையும் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, எங்கயாவது உள்வாங்குதுன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. 90களோட பின்பாதியில வந்த சில மாடல்கள்ல ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரூஃப், அது இத்துப் போகாது ஆனா வெயில் குளிர் பட்டு விரிசல் விடும், மேல ஏறிப் பாருங்க ஏற்கனவே ஒட்டுப் போட்டிருக்கான்னு.

அடுத்து தரை. ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. கதவுகிட்ட, சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டிக்குள்ள, மூலை முடுக்குல எல்லாம் முனையால குத்துங்க, டக்குனு நின்னா பலகை நல்லா இருக்கு. மெத்துனு இறங்கினா எவ்வளவு தூரத்துக்கு இறங்குதுன்னு சுத்திச் சுத்திக் குத்திப் பாருங்க. பூஞ்சை நாத்தம் இருந்தா உள்ள தலையை விட்டதுமே மூக்கு சொல்லிடும்.

ரூஃபை ஏத்துற கைப்பிடி, அதான் விஞ்ச், அதை அவரைச் சுத்தச் சொல்லாதீங்க, நீங்களே சுத்துங்க. கேபிள் அடிவழியா போய் நாலு கம்பத்தையும் தூக்குது, நாலு மூலையும் ஒண்ணா ஏறணும். ஒரு மூலை மட்டும் தயங்கினா கேபிளோ கம்பத்துக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கோ போயிடுச்சு. பார்ட்ஸ் கிடைக்கும், ஆனா விலையில கழிச்சுக்கணும். முட்டுக் குடுக்காம ரூஃபுக்கு அடியில நின்னு எந்த ரிப்பேரும் பாக்கக் கூடாது, இது மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

ஸ்காபரோ அண்ணை

தம்பி, மேல சொன்னது அத்தனையும் சரி. நான் இழுக்கிற விசயத்தை மட்டும் சொல்லுறன். உங்கட சியன்னா 3,500 இறாத்தல் இழுக்கும். உப்பிடியான 10 அடி டிரெய்லர் வெறும் எடை பெரும்பாலும் 1,500க்கும் 2,000க்கும் இடையிலதான் வரும், ஆனா வானுக்குள்ள நாலு பேர், சாமான், சைக்கிள் எல்லாம் ஏத்தினா கணக்கு வேற. முன்னுக்கு டிரெய்லரை வானில கொளுவுற இடத்தில மொத்த எடையில 10 முதல் 15 வீதம் விழோணும், குறைஞ்சால் 400 ஹைவேயில போகேக்க பின்னுக்கு ஆடத் தொடங்கும், பாரமானதுகளை சில்லுக்கு முன்பக்கமா வையுங்கோ. ஏத்தின எடை 1,360 கிலோவோ அதுக்கு மேலயோ எண்டால் ஒன்டாரியோவில டிரெய்லருக்கு பிறேக் இருக்கவேணும்.

டயரில றோட்டில தேயிற கட்டை நல்லா இருக்கு எண்டு ஏமாறாதேங்கோ. பக்கத்தில டிஓடி எண்டு தொடங்குற இலக்கத்தின்ர கடைசி நாலைப் பாருங்கோ, 2314 எண்டால் 2014ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. ஆறு வருசம் தாண்டினதை வீட்ட கொண்டு வந்த கையோட மாத்துங்கோ. காஸ் சிலிண்டரிலயும் திகதி அடிச்சிருப்பினம், 10 வருசம் போட்டுதெண்டால் நிரப்ப மாட்டினம். கராஜ் எண்டீங்கள், பெட்டிதான் 10 அடி, முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது எல்லாம் சேர்த்தால் 16, 17 அடி வரும். அளவு நாடா கொண்டு போங்கோ.

சாண்ட்பேங்க்ஸ் ரசிகை

வாங்கினதுக்கு அப்புறம் படுற பாட்டை நான் சொல்றேன். கிளம்புற அன்னிக்குன்னு பாத்து மழை பெய்யும், வேற வழியில்லாம ஈரத்தோட மடிச்சுட்டு வருவீங்க. அன்னிக்கே இல்லன்னா மறுநாளாவது முழுசா விரிச்சு காய வெக்கணும், டவுன்ஹவுஸ்ல அதுக்கு டிரைவ்வே போதுமா, குடியிருப்பை நிர்வகிக்கிற காண்டோ போர்டு ஒத்துக்குமான்னு முதல்ல கேளுங்க. விட்டுட்டா கருப்பு கருப்பா பூஞ்சை, ப்ளீச் போட்டு தேய்ச்சா துணியும் தையலும் சேந்து போயிடும். புது கேன்வாஸ் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

உள்ள தாளிக்காதீங்க. மீன் பத்தி பேசவே வேண்டாம். துணி வாசனை பிடிச்சா லேசுல போகாது, நிறைய மாடல்ல அடுப்பை வெளிப்பக்கம் மாட்டிக்கலாம், அங்க வெச்சு சமைங்க. இன்னொரு விஷயம், கரடி இருக்கிற ஊர்ல இது டென்ட் கணக்குலதான் சேரும். லேக் லூயிஸ்ல மின்வேலி போட்ட தனி கேம்ப்கிரவுண்டுலதான் விடுவாங்க, அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் பார்க்ல ஃபிஷிங் பிரிட்ஜ் கேம்ப்கிரவுண்டுல துணிச்சுவர் வண்டிக்கு அனுமதியே கிடையாது. குளிர்காலத்துக்கு மூடுறதுக்கு முன்னாடி எலி புகுற ஓட்டையெல்லாம் அடைச்சுடுங்க, மெத்தையை வீட்டுக்குள்ள எடுத்து வெச்சுடுங்க.

இவ்வளவு சொன்னாலும் நான் எங்களோடதை விக்க மாட்டேன். மழை கொட்டும்போது மெத்தையில உக்காந்து சீட்டாடுற சுகம் டென்ட்ல வராதுங்க.

மில்டன்வாசி

எல்லாருக்கும் நன்றி. அந்த இன்னொருத்தர் வரவே இல்லையாம் 😀 விக்கிறவரே திறந்து காட்டினார். ரூஃப் மூலை நாலும் கெட்டி, நாலும் ஒண்ணாத்தான் ஏறுச்சு. ஆனா கதவுகிட்ட ஸ்க்ரூடிரைவர் இறங்குச்சு, ஒரு கை அகலத்துக்கு. கேன்வாஸ்ல ஒரு பக்கம் புள்ளி புள்ளியா இருக்கு. 2,600க்கு இறங்கி வந்திருக்கார். டயர் 2011. என்ன சொல்றீங்க?

ஸ்பேனர்சாமி

ரூஃப் கெட்டின்னா பேசலாம். கதவுகிட்ட இத்துப் போறது சகஜம்தான், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ப்ளைவுட் போட்டுடலாம், ஆனா கதவுச் சட்டம் வரைக்கும் போயிருக்கான்னு அடியில படுத்து ஒரு தடவை பாத்துடுங்க. டயர் ரெண்டு, பேரிங் கிரீஸ், பலகை, நாளைக்கே கேன்வாஸ் செலவு வரலாம், எல்லாம் கூட்டினா என் கணக்குக்கு 1,800க்கு மேல குடுக்க மாட்டேன். ஒத்துக்கலைன்னா செப்டம்பர் கடைசி வரைக்கும் பொறுங்க, குளிர்காலம் முழுக்க எங்க நிறுத்தி வெக்கிறதுன்னு நிறைய பேர் தள்ளிவிடுவாங்க.