'பஃபி கோட்' என்பதற்கு 'இடையேடு': ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் நடக்கவிருக்கும் குருதிக்கொடை முகாமுக்குத் துண்டறிக்கை எழுதும்போது 'பஃபி கோட்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். கொடையாளரிடம் பெற்ற 350 மில்லி குருதியை மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் பையின் அடியில் தங்க, வெளிர்மஞ்சள் பிளாஸ்மா மேலே தெளிய, இரண்டுக்கும் நடுவில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) மங்கிய வெண்ணிறத்தில் மெல்லிய அடுக்காகப் படிகின்றன. இந்த நடு அடுக்கைத்தான் ஆங்கிலத்தில் 'பஃபி கோட்' (buffy coat) என்கிறார்கள். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத அந்த அடுக்கிலிருந்துதான், புற்றுநோய் மருந்தால் தட்டணு குறைந்தவருக்கும், டெங்குவில் தட்டணு குறைந்து குருதிக்கசிவு ஏற்பட்டவருக்கும் ஏற்றும் தட்டணுக்களைப் பல இடங்களில் பிரித்தெடுக்கிறார்கள்.

இதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்த 'எருமைத்தோல் நிறப் பூச்சு' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. 'பஃப்' என்பது பதனிட்ட எருமைத்தோலிலிருந்து வந்த நிறப்பெயர் என்பது உண்மையே. ஆயினும் அந்த வரலாறு நம் வாசகருக்கு எதையும் விளக்காது. 'வெள்ளாடை' என்றால் உடுக்கும் துணிதான் நினைவுக்கு வரும்.

துண்டறிக்கையின் படத்தை, கறவை மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். நடுக்கோட்டில் விரலை வைத்து, "பாலுல ஏடு கட்டுன மாதிரி இருக்குதுங்க" என்றார். நான் தேடிய சொல் அதுவே.

பாலேடு மேலே மிதப்பது, இதுவோ நடுவில் நிற்பது என்று நீங்கள் மறுக்கலாம். அதனால்தான் 'இடை' என்ற அடையைச் சேர்த்தேன். 'இடையாடை' என்றால் இடுப்புத் துணியாகிவிடும். 'குருதியேடு' என்றால் குருதி வங்கியின் பதிவேடு என்று கொள்வார்கள். 'இடையேடு' என்பதில் இவ்விரு மயக்கமும் இல்லை. கூட்டுச்சொல்லாக்கவும் அது இடம் தருகிறது. தட்டணு பிரிக்கும் முறையை 'இடையேட்டு முறை' எனலாம். வெள்ளையணுக்களின் அளவைக் குறைத்து, குருதி ஏற்றும்போது வரும் காய்ச்சலைத் தணிக்க உதவும் வகையை 'இடையேடு நீக்கிய சிவப்பணு' எனலாம். தலசீமியாவுக்காக அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோருக்கு இச்சொல் மிகவும் பயன்படும்.

முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'குருதி இடையேடு' என முழுமையாக எழுத எண்ணுகிறேன். அது தேவையா என்பதை, துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.