பொருள்: எஞ்சுநனவு – விலங்காக மாறியவரிடம் தங்கும் மனித மனத்துக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

> விலங்காக மாறிய பின்னும் மிஞ்சும் மனித அறிவை 'ஆழ்மனம்' என்றோ 'எச்சநனவு' என்றோ சொல்லலாமே.

இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆழ்மனம் அடியில் மறைந்து கிடப்பது. நாம் பெயர் தேடுவதோ, மேலே விழித்திருந்து தன் நிலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு. 'எச்சநனவு' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் எச்சம் என்றதும் பறவையின் எச்சம் முந்திக்கொள்கிறது. விலங்குக் கதைகளைப் பற்றிய கட்டுரையில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

என் பரிந்துரை 'எஞ்சுநனவு'. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: எஞ்சிய நனவு, எஞ்சுகின்ற நனவு, எஞ்சும் நனவு. முக்காலமும் இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது. 1915இல் வெளிவந்த காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைப் பாருங்கள். ஒரு நாள் காலை பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் கிரகோர் சாம்சாவுக்கு முன்பு பிடித்த பால் இப்போது குமட்டுகிறது. இரண்டு நாள் முன்னர் தின்னத் தகாதது என்று அவனே ஒதுக்கிய பாலாடைக்கட்டியை ஆவலாகத் தின்கிறான். உடல் கேட்கிறது, நனவு பின்வாங்குகிறது. பிறகு, அவன் சுவரில் தாராளமாக ஊர்ந்து திரியட்டும் என்று தங்கை அறையிலுள்ள மரச்சாமான்களை அகற்ற முனைகிறாள். அவனுக்கும் அதில் ஆசைதான். அப்போது தாயின் குரல் காதில் விழுகிறது. தன் மனித வாழ்வையே மறக்கவிருந்தோம் என்று திடுக்கிடுகிறான். ஓடிப்போய்ச் சுவரில் மாட்டிய படத்தின்மேல் உடலை அப்பிக்கொள்கிறான். தேய்ந்த நனவு ஒரு குரலால் மீண்டும் தலைதூக்குகிற இந்த இடத்துக்காகத்தான் சொல்லுக்குள் ஒரு வினை இருக்க வேண்டும் என்கிறேன்.

'நனவு' ஏன் என்றால், திருக்குறளின் 122ஆம் அதிகாரத்திலேயே அது கனவுக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. கிரகோர் விழித்ததும் கதை நமக்கு முதலில் உறுதிசெய்வதும் இது கனவில்லை என்பதைத்தான். நனவோடை (மனத்தில் ஓடும் எண்ணங்களை அப்படியே எழுதிச்செல்லும் உத்தி), நனவிலி (நாம் அறியாமல் இயங்கும் மனப்பகுதி) என்ற சொற்கள் திறனாய்வில் ஏற்கெனவே வேரூன்றியவை. இதுவும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துகொள்ளும்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் வேட்டைக்காரன் ஆக்டியானுக்கு இச்சொல் பொருந்தாது. மானாக மாறியவனின் மனம் துளியும் குறையவில்லை. குறையும் முன்பே அவன் வளர்த்த நாய்கள் அவனைக் குதறிவிடுகின்றன.

புதிய உடலோடு வந்து சேரும் பசிக்கும் கூச்சத்துக்கும்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'மெய்யுணர்வு' என்று எழுதிப் பார்த்தேன். மெய் என்பதை உடலாகக் கொள்ளாமல் எல்லோரும் உண்மையை உணர்தல் என்றே படிப்பார்கள். 'உடல்நனவிலி' காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. உங்களிடம் வேறு சொல் இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்.