நாலிலை ஆரை: ஹெர்பேரியம் தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்துவிட்டது, உதவுங்கள்

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் மன்னார்குடிப் பக்கம். ஹெர்பேரியத்துக்கு (செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் தொகுப்பு) 20 தாள் வைத்தேன். 19 தேறிவிட்டது, ஒன்று மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

செடி கார்த்திகையில் எங்கள் வயல் வாய்க்காலில் எடுத்தது. பார்த்ததுமே அப்பாயி "இது ஆராக்கீரைடி" என்றார். புத்தகத்தில் ஆரைக்கீரை என்று தேடி, "மார்சீலியா குவாட்ரிஃபோலியா, பெரணி (ஃபெர்ன்) வகை" என்று எழுதி ஒட்டிவிட்டேன். மேடம் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறார்: "பெரணி என்றால் வித்து (ஸ்போர்) எங்கே?", "குவாட்ரிஃபோலியா என்று எதை வைத்து முடிவு செய்தாய்?" நாலு இலை இருக்கிறதே மேடம் என்றேன். "இந்தப் பேரினத்தில் எதற்குத்தான் நாலு இல்லை?" என்று கேட்டுவிட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

இதில் ஹாஸ்டல் தோழி வேறு, இது புளியாரை என்கிறாள். எடுத்த செடியில் பாதியைப் பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டு, தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். இப்போது பங்குனி. இதுவரை பூ இல்லை, காய் இல்லை, இலையின் அடியிலும் ஒன்றும் இல்லை. காம்பு ஒரு சாண் நீளம். நாலு சிற்றிலையும் தண்ணீர்மேல் மிதக்கின்றன, ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பத்து நாளில் தாளைத் திரும்பக் கொடுக்கவேண்டும். என்ன செய்யலாம்?

நீர்முள்ளி:

முதலில் புளியாரையைக் கழித்துவிடுவோம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. புது இலை எப்படி வெளியே வருகிறது? சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் நடுநரம்பு தெரிகிறதா? ஒன்றை நன்றாகக் கழுவி மென்று பாருங்கள், புளிக்கிறதா?

வரப்போரம்:

புளிக்கவே இல்லை, வெறும் புல் வாசனை. நடுநரம்பு என்று தனியாக இல்லை. எல்லாம் அடியிலிருந்து விசிறி மாதிரி இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகிறது, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்கிறது. புது இலை நத்தை ஓடு போலச் சுருண்டு வந்து பிறகு நிமிர்கிறது. இன்னொன்று, சாயங்காலமானால் நாலு சிற்றிலையும் கைகூப்பின மாதிரி மேலே மடங்கிக்கொள்கிறது.

நீர்முள்ளி:

தோழியிடம் சொல்லிவிடுங்கள், அது புளியாரை இல்லை. புளியாரைக்கு இதய வடிவில் மூன்று சிற்றிலை. மஞ்சள் பூ பூத்து, வெண்டைப் பிஞ்சு போலக் காய் நிற்கும். அது பூக்கும் தாவரம். உங்களுடையது சுருள் அவிழ்ந்து இலை விடுகிற பெரணி. பூவுக்காக அந்த வாளியை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பூக்காது.

வல்லாரை, புளியாரை, நீராரை (உங்கள் ஆராக்கீரைதான்) எல்லாம் நம் பேச்சில் பங்காளிகள். வகைப்பாட்டில் மூன்றும் மூன்று ஊர். நீராரையின் குடும்பம் மார்சீலியேசி, வரிசை சால்வினியேல்ஸ். மாட்டுக்குத் தொட்டியில் வளர்க்கிறோமே அசோலா, அதுதான் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். இந்தச் சொந்தம் லின்னேயஸ் கண்ணிலும் பட்டிருக்கிறது. 1753இல் அவர் குவாட்ரிஃபோலியாவுக்குப் பெயர் வைத்தபோது, இன்று சால்வினியா என்கிற மிதக்கும் பெரணியையும் மார்சீலியாவுக்குள்தான் போட்டிருந்தார். பேரினத்தின் பெயர் இத்தாலியரான மார்சிலி என்ற இயற்கை ஆய்வாளரின் நினைவாக வந்தது.

இனி வித்து. இலையடியில் புள்ளி புள்ளியாகத் தேடினால் கிடைக்காது. இந்தக் குடும்பத்தில் இலையின் ஒரு பகுதியே மடிந்து, கெட்டியாகி, பயறு போன்ற கொட்டையாகிவிடும். அதன் பெயர் ஸ்போரோகார்ப். பெரிய வித்து, சின்ன வித்து இரண்டு வகையும் அதற்குள்தான் இருக்கும். அது இலைக்காம்பின் அடியில், சேற்றோடு சேறாகக் கிடக்கும். உங்கள் வாளியில் காய்க்காததற்குக் காரணம், நீங்கள் தண்ணீரை வற்றவிடாததுதான். நீர் இறங்கி மண் காயத் தொடங்கும்போதுதான் இது கொட்டை கட்டும்.

களைக்கொத்து:

தாயி, வாளிய விட்டுட்டு வயலுக்குப் போ. சம்பா அறுத்து உளுந்து தெளிச்சிருப்பீங்கல்ல, அதுல தாழ்வான மூலை ஒண்ணு இருக்கும், தண்ணி கடைசியா வத்தின எடம். அங்க பாரு. எல மிதக்காது, குட்டையா நிமிந்து நிக்கும். மேல புடிச்சு இழுத்தா காம்பு மட்டும் கையோட வந்துடும். களைக்கொத்தால மண்ணோட பேத்து எடுக்கணும்.

எனக்கு இதோட இருபது வருசப் பகை. கொடி தரைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணு தங்கினாலும் அடுத்த நடவுல பாதி வயலப் புடிச்சிடும். அறுப்புக்கப்புறம் வாத்து மேய விடுறோம்ல, அதுங்க வயித்துல போயும் பரவுதோன்னு எனக்கொரு சந்தேகம்.

நீர்முள்ளி:

அண்ணன் சந்தேகம் வீண் இல்லை. இந்தப் பேரினத்தின் ஸ்போரோகார்ப் நீர்ப்பறவை வயிற்றைக் கடந்தும் முளைக்கும் என்று அறிந்திருக்கிறார்கள். ஓடு அவ்வளவு கெட்டி. காய்ந்த நிலையில் பல பத்தாண்டு தாங்கும்.

குளத்தங்கரை:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? நெல்வயல் களைப் பட்டியல்களில் ஆரைக்கீரைக்கு நேராகக் குவாட்ரிஃபோலியா என்றுதானே போட்டிருக்கிறார்கள். அப்படியே எழுதிவிடலாமே.

நீர்முள்ளி:

போட்டிருக்கிறார்கள்தான். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதி வழக்கமாகிப்போனது. குவாட்ரிஃபோலியாவின் சொந்த நிலம் குளிர்ச்சியான பக்கம்: நடு ஐரோப்பா, தென் ஐரோப்பா, மேற்காசியா, காஷ்மீர், சீனா, ஜப்பான். ஜப்பானிய, சீன எழுத்தில் 'வயல்' என்பது நாலு கட்டம் போட்ட சதுரம். இந்த இலையும் அப்படி இருப்பதால் 'வயல் எழுத்துப் புல்' என்றே அங்கே பெயர். அமெரிக்காவில் 1862 வாக்கில் கனெக்டிகட்டின் பாண்டம் ஏரியில் நுழைந்தது. ஐரோப்பாவில் ஈரநிலங்கள் போனதால் அருகிவிட்டது, சட்டம் போட்டுக் காக்கிறார்கள். களைக்கொத்து அண்ணன் கேட்டால் சிரிப்பார்.

நம் வயலில் இருப்பது பெரும்பாலும் மார்சீலியா மினூட்டா. இதற்கும் லின்னேயஸ்தான் பெயர் வைத்தார், 1771இல். ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என வெப்பநாட்டு நெல் வயல் முழுக்க இருக்கிறது. சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கிய கோரமாண்டலினா என்று சின்ன உருவில் இன்னொன்றும் நம்மிடம் உண்டு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மினூட்டா என்றும் எழுதக்கூடாது. தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்து இலையும் காம்பும் மாறிக்கொண்டே இருக்கும், அதை நம்பாதீர்கள். கொட்டைதான் சாட்சி.

லென்ஸில் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று, கொட்டையின் காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது. குவாட்ரிஃபோலியாவில் அது இலைக்காம்பின் அடியைவிட்டுச் சற்று மேலே ஒட்டும், பெரும்பாலும் கிளைத்து இரண்டு மூன்று கொட்டையைத் தாங்கும். மினூட்டாவில் ஏறக்குறைய அடியிலேயே நெருக்கமாக நிற்கும். இரண்டு, கொட்டையின் காம்புப் பக்கத்தில் பல் போன்ற முனைகள். மினூட்டாவில் இரண்டு பல் எடுப்பாகத் தெரியும். குவாட்ரிஃபோலியாவில் மழுங்கியிருக்கும், அல்லது இருக்காது.

வவுனியாக்காரன்:

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எங்கட வயலுகளிலயும் இது தாராளம். சிங்களத்தில புளியாரைக்கு 'எம்புல் எம்பிலிய', இதுக்கு முன்னால 'தண்ணி' எண்ட சொல்லைச் சேர்த்து 'திய எம்புல் எம்பிலிய'. அவையும் ரெண்டையும் ஒண்டாத்தான் பாத்திருக்கினம், தங்கச்சியின்ர சிநேகிதியில பிழை சொல்லேலாது. அது சரி, இதைச் சமைச்சுச் சாப்பிடலாமோ?

நீர்முள்ளி:

சாப்பிடுகிறோமே. இங்கே பாசிப்பருப்பில் போட்டுக் கடைவார்கள். வங்காளத்தில் 'சுஷ்னி சாக்' என்று, தூக்கம் வரும் என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். பூச்சிமருந்து அடித்த வயல், சாக்கடை ஓரம் இரண்டிலும் பறிக்காதீர்கள்.

அதையே மூன்று வேளை உணவாக்கினால் கதை வேறு. 1861இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் க்ரீக்கில் மாட்டிக்கொண்ட பர்க், வில்ஸ் என்ற ஆய்வுப் பயணிகள் இருவரும் நார்டூ என்ற மார்சீலியாவின் ஸ்போரோகார்ப்பை அரைத்துத் தின்றே நாளை ஓட்டினார்கள். வயிறு நிரம்பியும் உடம்பு உருகி இறந்துபோனார்கள். நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி உண்டு, அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். காலங்காலமாக அதைத் தின்ற அந்த மண்ணின் மக்களுக்குப் பக்குவம் தெரியும். இவர்கள் அந்தப் பக்குவத்தை விட்டதுதான் வினையானது என்று ஒரு விளக்கம் உண்டு.

வரப்போரம்:

ஆறு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சனிக்கிழமை ஊருக்குப் போனேன். உளுந்து வயலில் மடைக்குப் பக்கத்து மூலை, களைக்கொத்து அண்ணன் சொன்ன மாதிரியே. இலை சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி நிமிர்ந்து நின்றது. வாளியில் இருப்பதும் இதுவும் ஒரே செடி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாக அலசினேன். முதலில் ஆட்டுப் புழுக்கைத் துணுக்கு என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்த்தேன். அப்பாயிதான் "அதானேடி கொட்டை" என்றார். அவருக்கு முதலிலேயே தெரியுமாம், நான்தான் கேட்கவில்லையாம்.

ஒரு கணுவில் நாலு, இன்னொன்றில் ஐந்து. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் சுமார். இளசு பச்சையாக ரோமத்தோடு, முற்றியது கறுத்து வழவழப்பாக. ஒவ்வொன்றுக்கும் தனிக் காம்பு, எல்லாம் இலைக்காம்பின் அடியிலேயே ஒட்டியிருக்கின்றன. லென்ஸில் இரண்டு பல் தெளிவாகத் தெரிகிறது, மேல் பல் கொஞ்சம் கூர்மை.

நீர்முள்ளி:

இனி தயங்காமல் மினூட்டா என்று எழுதலாம். கொட்டையோடு கூடிய கணுவையும் கார்த்திகையில் எடுத்த மிதக்கும் இலையையும் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். இரண்டுக்கும் தேதியும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். முற்றிய கொட்டை மிஞ்சினால் ஒன்றின் ஓரத்தைப் பிளேடால் லேசாகக் கீறித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

வரப்போரம்:

தாள் கொடுத்தாயிற்று. மேடம் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு "ம்" என்றார், கையெழுத்து போட்டார். வட்டாரப் பெயர் என்ற இடத்தில் 'ஆராக்கீரை', தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாயி பெயர்.

கொட்டையைக் கீறி டபராவில் போட்டேன். அரைமணிக்குள் ஓடு பிளந்து, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு வழவழப்பு வெளியே நீண்டது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டலங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தன. காபி ஆற்றுகிற டபராவில் புழு விட்டிருக்கிறாயா என்று அம்மா கத்தினார். அதை அப்படியே வாளியில் ஊற்றியிருக்கிறேன், இந்த முறை விரல் உயரம்தான் தண்ணீர்.